தவில்காரரின் தோள்

"தோடிக்கு என்ன கலர் சார்?"

இதைக் கேட்காத ஆளே கிடையாது. கண்காட்சித் திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள். பேட்டிக்கு வருகிற இளம்பிள்ளைகள் குறிப்பேட்டில் இதையே முதல் கேள்வியாக எழுதி எடுத்து வந்திருப்பார்கள். இசையை வரைகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால், காதில் விழுவதெல்லாம் அவன் கண்ணுக்குள் வண்ணமாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை. என் பதில் அவர்களுக்குச் சப்பென்று இருக்கும். தோடிக்கு நிறம் கிடையாது.

அதோடு விடாமல், எந்தத் தோடி என்றும் திருப்பிக் கேட்பேன். நம்முடைய எட்டாவது மேளமான தோடியின் ஸ்வரங்களை வடக்கே போய்ப் பாடினால் அது பைரவி என்பார்கள். அவர்கள் தோடி என்று பாடுவது நம் காதுக்குச் சுபபந்துவராளி. ராகமாலா ஓவியங்களில் தோடி ராகினி என்று ஒரு பெண் வீணையோடு நிற்பாள். சுற்றிலும் மான்கள் காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருக்கும். அழகான படங்கள்தான். ஆனால் அந்த மான்களைப் பிடித்துவந்து நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு முன்னால் நிறுத்தினால் மிரண்டு காட்டுக்கே ஓடிவிடும்.

ரஷ்யாவில் ஸ்க்ரியாபின், ரிம்ஸ்கி-கோர்சகோவ் என்று இரண்டு இசையமைப்பாளர்கள். இரண்டு பேருமே தங்களுக்குச் சுருதி நிறமாகத் தெரிகிறது என்று சொன்னவர்கள். ஸி மேஜர் முன்னவருக்குச் சிவப்பு, பின்னவருக்கு வெள்ளை. இருவரும் ஒரே காலத்து, ஒரே நாட்டு இசை மேதைகள். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத கணக்கை வைத்துக்கொண்டு நான் எழும்பூரில் என்ன செய்வது?

ஓவியர் காண்டின்ஸ்கியின் அட்டவணை இன்னும் பிரபலம். மஞ்சள் என்றால் டிரம்பெட், வெளிர்நீலம் புல்லாங்குழல், அடர்நீலம் செல்லோ, அதற்கும் கீழே இறங்கினால் டபுள் பாஸ், பச்சை வயலினின் நடுத்தர ஸ்வரங்கள். ஓவியக் கல்லூரியில் படித்தபோது நாங்கள் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். வகுப்பில் ஒருவன் 'நாயனத்துக்கு மஞ்சள்' என்று முடிவுகட்டி ஒரு வருடம் முழுக்க மஞ்சளாகவே போட்டுத் தள்ளினான். நாயனத்தைக் கேட்டுத்தான் போட்டானா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அந்த அட்டவணையைவிட எனக்கு உதவியது அவருடைய ஒரு படமும், அதற்கு முன் அவர் போட்ட கோடுகளும். 1911 சனவரித் தொடக்கத்தில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷேன்பெர்க்கின் இசை நிகழ்ச்சி நடந்தது. ஃப்ரான்ஸ் மார்க் உள்ளிட்ட நண்பர்களோடு காண்டின்ஸ்கியும் போயிருந்தார். அந்தச் சூட்டோடு அவர் வரைந்த படம்தான் 'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)'. மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பாதிக்கு மேல் மஞ்சள் வெள்ளமாகப் பாய்கிறது. மேலே ஒரு பெரிய கறுப்புத் திட்டு. கீழே இடது பக்கம் வளைவு வளைவாகக் கோடுகள். பார்த்தவர்கள் எல்லாம் அந்த மஞ்சளைத்தான் பேசுவார்கள். ஆனால் அதற்கு முன் அவர் போட்ட கோட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் கறுப்புத் திட்டு பியானோவாகத் தெரிகிறது. வளைவுகள் முன்னால் சாய்ந்து கேட்கிற மனிதர்களின் முதுகுகள். அவர் வண்ணத்தில் தொடங்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த உடம்புகளில் தொடங்கியிருக்கிறார். மஞ்சள் பிற்பாடு வந்து சேர்ந்தது.

என் தொழிலில் நான் கற்றது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதுதான். காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் ஒரு உடம்பு இருக்கிறது. ஊதுகிற, அடிக்கிற, பாடுகிற, சும்மா கேட்கிற உடம்பு. ஒலி அதன் வழியாகத்தான் கித்தானுக்கு வரும். நேராக வருகிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் படத்தை விற்பதற்காகச் சொல்கிறார்கள்.

*

ஓவியக் கல்லூரிக்கு முன்னால் எனக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அது மவுண்ட் ரோடுக்குப் பின்புறம் ஒரு பேனர் கம்பெனி. எண்பதுகளின் தொடக்கம், தியேட்டர் வாசலில் கட்டுகிற சினிமா பேனர் எல்லாம் கையால் எழுதிய காலம். பொடி வண்ணத்தை எண்ணெயில் குழைத்துக் கொடுப்பது, ஸ்டில் மேல் கட்டம் போடுவது, அதே கட்டத்தை ஆளுயரத் துணியில் பெரிதாக இழுப்பது, இவை சின்னப் பையன்களின் வேலை. முகத்தில் கைவைக்க வாத்தியாருக்கு மட்டும்தான் உரிமை.

வாத்தியார் கதாநாயகனின் கன்னத்தில் பச்சையை அப்புவார். கழுத்துக்குக் கீழே ஊதா, மூக்கின் ஓரத்தில் ரத்தச் சிவப்பு, நெற்றியில் வெறும் வெள்ளை. பக்கத்தில் நின்று பார்த்தால் ஏதோ தோல் வியாதி மாதிரி இருக்கும். எதிர்ப் பக்கத்து நடைபாதைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ஆள் கோபத்தில் கொதித்துக்கொண்டு நிற்பான். "பஸ்ஸுல போறவன் ரெண்டு செகண்டு பாப்பான்டா. அதுக்குள்ள அவனுக்குக் கோவம் புரியணும்" என்பார். ஜெர்மானியர்கள் பச்சை முகமும் சிவப்பு மரமும் போட்டு 'எக்ஸ்பிரஷனிசம்' என்று பெயர் எடுத்ததைக் கல்லூரி நூலகத்தில் படித்தபோது எனக்குப் பெரிதாக அதிர்ச்சி ஒன்றும் ஏற்படவில்லை. அவர்களில் ஒருவரான கிர்ஷ்னரின் படங்களைப் பார்த்து, இந்த ஆள் எங்கள் கம்பெனியில் வேலை செய்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

கல்லூரியில் நிலைமை வேறு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி. ஓவியர் பணிக்கர் முதல்வராக இருந்து, 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய பரம்பரை. சென்னைக்காரர்களுக்குக் கோடுதான் குலதெய்வம். காந்தி நூற்றாண்டையொட்டி ஓவியர் ஆதிமூலம் போட்ட கோட்டுச் சித்திரங்களைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் தொடவே கைகூசும். நான் பேனரிலிருந்து வந்தவன். எனக்கு வண்ணம் கெட்டியாக இருக்க வேண்டும், சுவரில் பட்டி பார்க்கிற தகட்டால் இழுக்க வேண்டும். 'கோட்டைக் கற்றுக்கொள், அப்புறம் குழப்பு' என்று ஒரு ஆசிரியர் சொன்னார். கற்றுக்கொண்டேன். அதற்குத்தான் கச்சேரிக்குப் போகத் தொடங்கினேன். காசு கொடுக்காமல் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் மாடல் வேறு எங்கே கிடைக்கும்?

*

மார்கழி சீசனில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் இல்லாத சபாக்கள் உண்டு. அவைதான் என் ஸ்டுடியோ. அரங்கில் விளக்கை அணைத்துவிடுவார்கள். மேடையில் மட்டும் வெளிச்சம். காகிதம் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது. கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல் கையைத் தன் போக்கில் விட்டால், பாடுகிறவரின் கை போகிற வழியை அது பின்தொடரும். சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு, கறுத்த மென்மையான 6பி பென்சில். கரி கூடாது, காகிதத்தில் அது கரகரவென்று கத்தும், பக்கத்து இருக்கை மாமி திரும்பிப் பார்ப்பார். பக்கத்தைத் திருப்புகிற சத்தத்துக்குப் பயந்து ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைவேன். ராக ஆலாபனை முடியும்போது அந்தப் பக்கத்தில் ஒரு பாடகருக்கு நிறைய கைகள் இருக்கும், ஒரே ஒரு முழங்கால் இருக்கும். கை அலைகிறது, தாளம் போடுகிற தொடை அசையாமல் கிடக்கிறது. அதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, பென்சில் காட்டிக்கொடுத்தது.

இதற்காகத்தான் புகைப்படத்தை நம்பி நான் வேலை செய்வதில்லை. புகைப்படம் பாடகரின் வாய் கோணிய ஒரு நொடியைப் பிடித்துக்கொடுக்கும். எனக்கு வேண்டியது ஒரு சங்கதி தொடங்கி முடிகிற வரை உடம்பு போய்வந்த பாதை.

எங்கே உட்காருவது என்பதும் ஒரு வித்தை. மிருதங்கத்தின் வலந்தலையை, அதாவது வலப்பக்கத்தை, அவைப்பக்கம் வைத்துத்தான் வித்வான் உட்காருவார். சொற்கள் தெளிவாக விழ வேண்டும் அல்லவா. அதனால் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் விழுகிற இடக்கை ரசிகர்களுக்குச் சரியாகத் தெரியாது. எனக்கோ அந்தக் கைதான் வேண்டும். வலக்கை பேசுகிறது, இடக்கை முனகுகிறது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோலை அழுத்தித் தேய்த்து அந்தக் கும்காரத்தை எழுப்பும்போது, முழங்கை விலாவை விட்டு விலகி, தோள் ஒரு விரற்கடை மேலே ஏறி இறங்கும். இதைப் பார்க்க மேடையின் பக்கவாட்டில், திரைக்குப் பின்னால் இடம் வேண்டும். பெரும்பாலான சபாக்களில் காபி கொண்டுபோகிற பையனைச் சிநேகம் பிடித்தால் கிடைக்கும். ஒரு சபாவில் மட்டும், பெயர் வேண்டாம், "ஃபோட்டோ எடுத்தாக்கூட பரவாயில்ல, வரையறது வித்வானுக்கு டிஸ்டர்ப்" என்று சொல்லி என்னை எழுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வாசித்த வித்வான் இடைவேளையில் என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூக்கு பெருசா போட்டுட்டேளே" என்று மட்டும் சொன்னார். டிஸ்டர்ப் ஆனதாகத் தெரியவில்லை.

தனி ஆவர்த்தனம் வந்தால் பாதி அரங்கம் கேன்டீனுக்குப் போய்விடும். ரசனைக்காரர்கள் இதைச் சொல்லி வருந்துவார்கள். எனக்கு அது வரம். முன்வரிசை காலியாகும், நோட்டோடு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன்.

வியன்னாவைச் சேர்ந்த மாக்ஸ் ஓப்பன்ஹைமர் என்ற ஓவியர், முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி நால்வர் தந்தி வாத்தியக் குழுக்களைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். முகங்களை வெட்டித் தள்ளிவிட்டு, கைகள், வில்கள், நரம்புகள், இசைத்தாள் என்று கித்தான் முழுவதையும் நிரப்பிய படமும் அவற்றில் உண்டு. ஒரு பழைய ஜெர்மன் புத்தகத்தில் அதைப் பார்த்தபோது ஒரு தைரியம் வந்தது. முகத்தை விட்டுவிடலாம், முகம்தான் அடையாளம், ஆனால் முகத்தில் இசை குறைவு. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு மேல் பெரும்பாலான முகங்கள் எதையும் சொல்வதில்லை.

முகத்தைப் பிரமாதமாகச் செய்தவர் எஸ். ராஜம். மயிலாப்பூர் வீடுகளில் பூஜையறையிலோ பாட்டு வகுப்பிலோ தொங்குகிற சங்கீத மும்மூர்த்திகளின் படம் இருக்கிறதே, தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நாமெல்லாம் நம்புவதற்குக் காரணம் அவருடைய தூரிகை. அவரே பெரிய பாடகர். விவாதி மேளங்களைப் பயப்படாமல் பாடியவர். வீணை பாலசந்தரின் அண்ணன். இவ்வளவு இசை தெரிந்த ஒருவர், அஜந்தா பாணியில், அமைதியான கோட்டில், மெல்லிய வண்ணப் பூச்சில் வரைந்தார். அந்தப் படங்களுக்குள் யாரும் மூச்சு வாங்கமாட்டார்கள், வியர்க்கமாட்டார்கள். பாட்டு முடிந்து நெடுநேரம் ஆன பிறகு இருக்கிற முகங்கள் அவை. நான் அவர் அளவுக்கு இசை தெரிந்தவன் இல்லை. தெரிந்திருந்தால் ஒருவேளை நானும் அமைதியாகப் போயிருப்பேன். தெரியாததால்தான் வியர்வை கண்ணில் படுகிறது.

*

தவிலுக்கு வருகிறேன். என் படங்களில் நான்கைந்து மட்டும் நிலைக்கும் என்றால் அதில் தவில் படம் ஒன்று இருக்கும்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு கோயில் உற்சவம். சுவாமி புறப்பாடு. மல்லாரி. கம்பீரநாட்டையில் நாயனம் எழும்பும்போது உடம்பில் மயிர்க்கூச்செறியும் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதைச் சொல்லவில்லை. நான் பார்த்தது தவில்காரரின் தோளை. மேடையில் உட்கார்ந்து வாசிக்கும்போது தவில் தரையில் இருக்கும். புறப்பாட்டில் வார் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வாசிக்க வேண்டும். பலாமரத்தில் குடைந்த கட்டை, மேலே இரும்பு வளையம், முடுக்குகிற போல்ட்டு நட்டு, அத்தனை பாரமும் ஒரு தோளில். வார் அழுத்துகிற இடத்தில் சதை குழிந்து, இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. அந்தத் தோள் பாரத்தைத் தாங்க வேண்டும். அதே நேரத்தில் அதிலிருந்து முளைத்த கை காற்றாகப் பறக்க வேண்டும். தாங்குவதும் பறப்பதும் ஒரே மூட்டில். தீவட்டி வெளிச்சம் ஒரு பக்கம், ஜெனரேட்டர் வைத்த டியூப்லைட் மறுபக்கம். ஆரஞ்சும் பச்சை கலந்த வெள்ளையும். எங்கள் பேனர் வாத்தியார் பார்த்திருந்தால் உடனே பச்சையைக் குழைக்கச் சொல்லியிருப்பார்.

ஊருக்குத் திரும்பி உடனே வரையவில்லை. கோட்டு நோட்டை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். கேட்டது கொஞ்சம் மங்க வேண்டும். மங்கிய பிறகும் எது துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதுதான் படம். இன்னொன்று, வரையும்போது நான் பாட்டுப் போடமாட்டேன். வருகிறவர்கள் ஸ்டுடியோவில் நாயனம் ஒலித்துக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள்; ஃபேன் சத்தம்தான் இருக்கும். இசை ஓடிக்கொண்டிருந்தால் கை தாளம் போட ஆரம்பித்துவிடும். தூரிகை ஆடும். ஆடினால் பார்க்க நன்றாக இருக்கும், திரைச்சீலைத் துணி டிசைன் மாதிரி. படத்துக்கு வேண்டிய எதிர்ப்பு அதில் இருக்காது. அமைதியில் நின்றுகொண்டு தவில்காரரின் தோளை என் தோளில் வரவழைக்க வேண்டும். ஒரு சிமெண்டுப் பையில் மணலைப் போட்டு, வார் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கித்தான் முன்னால் நின்றேன். வீட்டில் சிரித்தார்கள். ஆனால் பாரம் ஏறியதும் கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, இடுப்பு எதிர்ப்பக்கம் எப்படித் தள்ளுகிறது என்று தெரிந்துவிட்டது. படத்தின் மூலைவிட்டம் அங்கேதான் கிடைத்தது.

நாலடிக்கு ஐந்தடி கித்தான். அடியில் பர்ன்ட் சியன்னாவும் கறுப்பும் கலந்து பூசிக் காயவிட்டேன். அதன்மேல் கரியால் உடம்பு. எண்ணெய் வண்ணம்தான், அக்ரிலிக் சென்னை வெயிலில் தகட்டை எடுப்பதற்குள் காய்ந்துவிடும், கெட்டியாக இழுத்த இழுப்பில் அடுத்த நிறத்தை ஈரத்தோடு ஈரமாகச் செருக முடியாது. ஆனால் ஐப்பசி மழையில் எண்ணெய் காயவே காயாது. பூஞ்சை வேறு பிடிக்கும். அந்தத் தோளுக்குக் கேட்மியம் சிவப்பை முதலில் தடித்துப் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே பச்சையை ஒரே இழுப்பில் தகட்டால் ஓட்டினேன். சிவப்பு பச்சைக்கு அடியிலிருந்து ஓரங்களில் பிதுங்கியது. வார் அழுத்திச் சதை பிதுங்குகிற மாதிரியே. இது திட்டமிட்டு வந்ததா என்றால், பாதி.

வலக்கை விரல்களுக்குத் துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்த கூடு போட்டிருப்பார்கள். தவிலின் அந்த வெடிப்பொலி விரலிலிருந்து வருவதில்லை, அந்தக் கூட்டிலிருந்து வருகிறது. அவற்றை டைட்டானியம் வெள்ளையில், டியூபிலிருந்து நேராகப் பிதுக்கி, தகட்டின் முனையால் ஒவ்வொன்றாக அறைந்து வைத்தேன். படத்தில் வெள்ளை அங்கே மட்டும்தான். விரல்களை வரையவில்லை; கூடுகள் மட்டும் மிதக்கின்றன. மறுபக்கம் கழி பிடித்த இடக்கையை இருட்டில் விட்டுவிட்டேன். நாயனக்காரர் பின்னால் ஒரு கறுப்புச் சாய்வு, ஒரு உப்பிய கன்னம், அவ்வளவுதான்.

அந்த வித்வான் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வந்திருந்தபோது ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்தேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, படத்தை நெடுநேரம் பார்த்தார். முகம் இல்லாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாஞ் சரி தம்பி. சங்கிலியப் போடலையே?"

"சங்கிலியாண்ணே?"

"கழுத்துல கெடக்குமில்ல, பெரிய சங்கிலி? சிங்கப்பூர்ல போட்டாங்க. அது இல்லாம நான் எறங்கினதே கெடையாது."

பெருமைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவைத்தேன். அவர் போன பிறகு பழைய நோட்டைப் பிரித்துப் பார்த்தால், எல்லாப் பக்கத்திலும் சங்கிலி இருக்கிறது. கோட்டுக்கோட்டாகத் தெறித்துக்கொண்டு. கை ஒரு கணக்கில் விழுகிறது. மார்பில் கிடக்கிற சங்கிலி அதே அதிர்வை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் பிந்தி, எதிர்ப்பக்கம் துள்ளுகிறது. தாளத்துக்கும் அதன் எதிரடிக்கும் இடையில் இருக்கிற அந்த இடைவெளியைத்தான் நான் படத்தில் எப்படிக் காட்டுவது என்று அலைந்துகொண்டிருந்தேன். மறுநாள் ஓக்கர் மஞ்சளில் ஒரே சுழற்றில் போட்டு, காய்வதற்கு முன் துணியால் ஒரு பக்கமாகத் துடைத்துவிட்டேன். படம் முடிந்தது.

*

பாடகர் எம்.டி. ராமநாதனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் 1984இல் மறைந்தார். நேரில் கேட்கிற கொடுப்பினை எனக்கு இல்லை. கேசட்டில்தான். பார்க்காத உடம்பை எப்படி வரைவது? அவர் குரலில் உடம்பு இருக்கிறது. அந்தத் தாழ்ந்த சுருதி, அவசரமே இல்லாத நடை, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு முன் அவர் எடுத்துக்கொள்கிற மௌனம். தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்கூட்டிலிருந்து வருகிற குரல். அகலமான தட்டைத் தூரிகையால் பிரஷ்யன் நீலத்தை மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை இறக்கி, அது வழிந்து நிற்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். பல தடவை போட்டும் திருப்தி இல்லை. நல்ல படம் அமையவில்லை என்றாலும் நிதானமாக இழுக்கிற பழக்கம் வந்தது.

பறை வேறு கதை. ஊர்ப்பக்கம் சாவு வீட்டில் சிறுவயதிலிருந்து கேட்டதுதான், ஆனால் அதைக் கித்தானுக்குக் கொண்டுவர ரொம்ப நாள் ஆயிற்று. 2007இல் சென்னை சங்கமம் கலைவிழா தொடங்கியபோது பூங்காக்களில் ஆட்டக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சபாவில் திரைக்குப் பின்னால் ஒளிந்து வரைந்த எனக்கு, பட்டப்பகலில் நாலு பக்கமும் சுற்றிச்சுற்றி வரைய முடிந்தது. அடிக்கும்போது அவர்கள் ஆடுகிறார்கள். உடம்பும் வாத்தியமும் பிரிக்க முடியாமல் சுழல்கின்றன. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஆட்டத்துக்கு முந்திய வேலை. வைக்கோலைக் கொளுத்தி, சுற்றிக் குந்தி உட்கார்ந்து, தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவது. காட்டுவார்கள், எடுப்பார்கள், விரலால் ஒரு தட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார்கள், மறுபடி காட்டுவார்கள். கச்சேரி மேடையில் தம்புராவுக்கு ஜீவா நூல் வைத்து நகர்த்தி நகர்த்திக் காது கொடுக்கிற அதே சாய்வு. அதே கழுத்து. அந்த இரண்டு கழுத்தையும் பக்கத்துப் பக்கத்தில் இரட்டைக் கித்தானாக வரைந்தேன்.

ஒரு ஹோட்டலுக்கு 'மியூசிக் தீம்' படங்கள் வேண்டும் என்று உள்அலங்காரம் செய்கிறவர் ஒருவர் வந்தார். தம்புராப் பாதி போதும் என்றார். "அது நெருப்பு, சாவு மேளம்... லாபில மாட்ட முடியாது சார்." இரண்டும் ஒரே படம், பிரிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பணமுடை இருந்த நேரம்தான். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. பிற்பாடு அதை வாங்கியவர் ஒரு மிருதங்க வித்வான். ஒவ்வொரு நாளும் தோலோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்தக் கழுத்துச் சாய்வை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

இப்போது ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாயனக் கோஷ்டியில் ஒத்து என்று ஒன்று உண்டு. பார்க்க நாயனம் மாதிரியே இருக்கும். வாசிப்பதற்குத் துளை கிடையாது. ஒரே சுருதி. ஒத்துக்காரர் அதை மூச்சு அறாமல் ஊதிக்கொண்டே நிற்க வேண்டும். கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டு மூக்கால் இழுப்பார். கைதட்டல் அவருக்குக் கிடையாது, சங்கிலி கிடையாது, போஸ்டரில் பெயர் கிடையாது. வெகுகாலத்துக்கு முன் ஒரு கிராமத்துக் கோயிலில் அப்படி ஒரு பெரியவரை வரைந்த பக்கம் என்னிடம் இருக்கிறது. விரல்கள் சும்மா குழலைப் பிடித்திருக்கின்றன. எல்லாம் கன்னத்திலும் விலாவிலும்தான் நடக்கிறது. மேடையில் தம்புராக்காரரும் அப்படித்தான். பின்னால் உட்கார்ந்து நான்கு தந்தியை மீட்டிக்கொண்டே இருக்கிற சிஷ்யையின் முதுகு, மணிக்கணக்காக நகராத முதுகு, எனக்குப் பிடித்த பொருள்.

இரண்டு பேருமே வேகமாக மறைந்துவருகிறார்கள். அவர்கள் இடத்தில் சுருதிப் பெட்டி. ஸ்விட்சைப் போட்டால் சின்ன விளக்கு எரியும், சுருதி ஓடும். துல்லியம் என்றே வித்வான்கள் சொல்கிறார்கள், எனக்கும் அதில் சண்டை இல்லை. என் பிரச்சினை தொழில் சம்பந்தப்பட்டது. உடம்பின் வழியாகத்தான் ஒலி கித்தானுக்கு வரும் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், உடம்பே இல்லாமல் வருகிற ஒரு ஒலியை என்ன செய்வது? பெட்டியை அப்படியே வரைந்து பார்த்தேன். விளம்பரப் படம் மாதிரி இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் வரைந்தால் அவர்கள் எதன்மேல் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. அடித்தளத்து நிறமாகப் பூசலாம் என்று என் மாணவி ஒருத்தி யோசனை சொன்னாள். அப்படிச் செய்தால் சுருதிக்கு நிறம் உண்டு என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தோடிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

இப்போதைக்கு, பெட்டியின் மேல் காது சாய்த்துச் சுருதி சேர்க்கிற பாடகரின் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைத்திருக்கிறேன். குமிழைத் திருகுகிற அந்த இரண்டு விரல்களும் கழுத்தும் மட்டும். வருகிற மார்கழிக்கு ஒரு சபாவில் பக்கவாட்டில் இடம் கேட்டுவைத்திருக்கிறேன். கச்சேரிக்கு அரைமணி முன்னால் வந்தால் பார்க்கலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.